கல்யாண நினைவுகளை எழுத்தில் வைத்தல்: தோட்டப்புற ஊர்களில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இன்று ஒரு திருமணம் நடக்கும்போது மண்டப வாசலில் நின்று கவனித்தால், ஒரு காலத்தில் ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தவர்கள் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தனித்தனிக் கார்களில் வந்து இறங்குவதைக் காணலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சிறு சிறு நிலங்களாக விற்கப்பட்டதும், ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்ததும், பின்னர் அந்த நிலங்களில் பல தாமான்களாக (குடியிருப்புப் பகுதிகளாக) மாறியதும் அவர்களை ஊர் ஊராகப் பிரித்துவிட்டன. துண்டாடலில் வேலை இழந்து நின்ற தொழிலாளர்கள் தாங்களே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்க வேண்டும் என்று இவ்வூர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பது நமக்குத் தெரியும். அதனால் சில தோட்டங்கள் பிழைத்தன. ஆனாலும் நம் பெற்றோர் பிறந்த லயங்களில் பலவற்றை இன்று போய்ப் பார்க்க முடியாது. கோயில் திருவிழாவும் சாவும் கல்யாணமுந்தான் அந்தப் பழைய அண்டை வீட்டாரை மறுபடி ஓரிடத்தில் கூட்டுகின்றன. அவற்றுள் உட்கார்ந்து பேச மனமும் நேரமும் இருப்பது கல்யாணத்தில்தான்.

படமும் காணொளியும் எடுக்க நாம் ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிதான் மணமகனின் அப்பாவை ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) வைத்து வளர்த்தவர் என்பதைப் படம் சொல்லாது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருப்பார்கள். திருமணத்தைச் சாக்காக வைத்து அவர்களிடம் கேட்டு, கேட்டதை எழுதி, எழுதியதைச் சிறு நூலாக்கி வீட்டில் வைப்பது எப்படி என்பதே இக்கட்டுரை. பேட்டி எடுத்தோ நீளமாக எழுதியோ பழக்கமில்லாதவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பொறுப்பை ஒப்படைத்தல்

முதலில் இதை யார் செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். மணமக்களும் அவர்களுடைய பெற்றோரும் இவ்வேலைக்கு ஆகமாட்டார்கள். அழைப்பிதழ் கொடுப்பதிலேயே அவர்களுடைய நாள்கள் போய்விடும். சித்தப்பா மகளோ, அத்தை மகனோ, பெரியவர்களோடு பொறுமையாக உட்காரத் தெரிந்த ஒருவர் கேட்க வேண்டும். இன்னொருவர் பதிவுக் கருவியையும் குறிப்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் கண் கைப்பேசியிலேயே இருக்கும், பேசுபவர் எதிரில் யாரும் கேட்காததுபோல் உணர்ந்து சுருக்கிக்கொள்வார்.

திருமணத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது. எட்டு முதல் பன்னிரண்டு பேரின் பேட்டியே ஐம்பது அறுபது பக்க நூலுக்குப் போதும். நாற்பது பேரைக் கேட்கிறேன் என்று புறப்படுபவர்கள் பெரும்பாலும் பதிவுகளைக் கைப்பேசியிலேயே விட்டுவிடுகிறார்கள். நூல் மணமக்களைப் பற்றியதா, இரண்டு குடும்பங்களைப் பற்றியதா, குடும்பம் வாழ்ந்த தோட்டத்தையும் சேர்த்ததா என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மூன்றாவதையே சொல்வேன். மணமக்கள் சந்தித்த கதையை அவர்களே எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எண்பத்தைந்து வயது ஆயாவின் (பாட்டியின்) கல்யாணக் கதைக்கு அந்த வசதி கிடையாது.

யாரிடம் கேட்பது

வயதில் மூத்தவரிடமிருந்தும் உடல்நலம் குன்றியவரிடமிருந்தும் தொடங்க வேண்டும். சொந்தக்காரர்களின் பட்டியல் எல்லோருக்கும் எளிதாக வந்துவிடும். விட்டுப்போவது உறவு முறை இல்லாதவர்கள்தாம். லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர், பழைய மண்டோர் (வேலை மேற்பார்ப்பவர்), ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், தோட்டக் கோயில் பூசாரி, கல்யாணச் சமையலுக்கு எப்போதும் கூப்பிடப்பட்டவர், கடன் கொடுத்து மாதக் கடைசியில் வாங்கிக்கொண்ட சீனர் மளிகைக்கடைக் குடும்பம், அப்பாவோடு வேலை செய்த மலாய் நண்பர் ஆகியோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மலாயில் பேசுபவரிடம் மலாயிலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். தமிழாக்கம் பிறகு செய்துகொள்ளலாம்.

பெயர்களைத் தேட நம் வீடுகளில் ஓர் அருமையான ஆவணம் இருக்கிறது. அதுதான் மொய் நோட்டு. மணமக்களின் பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ நடந்த திருமணத்தின் மொய் நோட்டு பெட்டியிலோ அலமாரியிலோ கிடந்தால் அதை முதலில் எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். யார் வந்தார், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், எத்தனை வெள்ளி எழுதினார், யார் சார்பில் யார் கொடுத்தார் என்பதெல்லாம் வரிசையாக அதில் இருக்கும். மொய்யைத் திருப்பிச் செய்யும் பொறுப்பு இருந்ததால் பெயரையும் ஊரையும் கவனமாக எழுதியிருப்பார்கள். பழைய அழைப்பிதழ்களும் அப்படித்தான். தோட்டத்தின் பெயர், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), முகூர்த்த நேரம், தங்கள் வரவை விரும்புபவர்களின் பெயர்கள் ஆகியவற்றிலிருந்து யாரைத் தேட வேண்டும் என்பது தெரியவரும். மொய் நோட்டைப் பெரியவரின் மடியில் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினால், நாம் தயாரித்துக்கொண்டு போகும் எந்தக் கேள்வியை விடவும் அதிகமாகப் பேச்சு வரும்.

கேள்விகள்

இவ்வேலையில் அதிகக் கவனம் தேவைப்படுவது இங்குதான். “மணமக்களுக்கு என்ன வாழ்த்துச் சொல்கிறீர்கள்?” என்று ஒலிவாங்கியை நீட்டினால், “பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழணும்” என்ற பதில் வரும். அது அன்பான பதில்தான், ஆனால் எல்லோரிடமிருந்தும் அதே பதில் வரும். “உங்கள் கல்யாணத்தன்று எப்படி உணர்ந்தீர்கள்?” என்று கேட்டால் பெரும்பாலான பெரியவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். உணர்ச்சியைக் கேட்காமல் பொருளையும் வேலையையும் ஆளையும் கேளுங்கள். பேச்சுப் போக்கில் உணர்ச்சி தானே வரும்.

“ஆயா, உங்க கல்யாணத்துக்குச் சோறு வடிச்சது யாரு? அண்டா எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்கலாம். “தாத்தா, கல்யாணத்துக்கு எத்தன நாளு லீவு கொடுத்தாங்க? மறுநாளு பெரட்டுக்குப் போனீங்களா?” என்று கேட்கலாம் (பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது). பந்தலுக்கு மட்டை எங்கிருந்து வந்தது, தோட்டத்து லாரி கிடைத்ததா, துரை (தோட்ட நிர்வாகி) வந்தாரா, வந்தால் எங்கே உட்காரவைத்தார்கள், கூறைப்புடவையை எந்த ஊர்க் கடையில் எடுத்தார்கள், தாலிக்கு எத்தனை பவுன், பணம் எப்படிச் சேர்ந்தது, கூட்டு (சீட்டு) கட்டியதா, கடனா, பரிசம் போட எத்தனை தட்டு வந்தது, உருமால் (தலைப்பாகை) கட்டியது எந்த மாமா, நலுங்குக்கு யார் பாடினார், அந்தப் பாட்டில் ஓரடியாவது நினைவிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். “புகுந்த வீட்டுக்கு வந்த முதல் நாளு என்ன வேல செஞ்சீங்க, அத்தை?” என்ற ஒரு கேள்விக்கே அரை மணி நேரம் பதில் சொல்லக்கூடிய பெண்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள்.

ஆண்டைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. நினைவில்லை என்று சொல்வதில் அவர்களுக்குக் கூச்சமும் வந்துவிடும். அதனால் எல்லோரும் அறிந்த நிகழ்ச்சிகளை வைத்துக் காலத்தைக் கணிக்க வேண்டும். ஜப்பான்காரன் காலம் 1942 முதல் 1945 வரை. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக அரசு அறிவித்த அவசரகாலம் 1948 ஜூன் மாதத்தில், நம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத் தொடங்கி 1960 ஜூலையில் முடிந்தது. இவ்வூர்த் தமிழ்ப்பள்ளியான மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் திறக்கப்பட்டது. மெர்டேக்கா (நாட்டின் விடுதலை) 1957 ஆகஸ்டு 31. “கலாசாலை தொறக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் உடனே பதில் வரும். தலைப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் இதற்கு உதவும்.

இந்த நிகழ்ச்சிகள் ஆண்டைக் கண்டுபிடிக்க மட்டுமல்ல, அவையே திருமணத்தின் போக்கையும் மாற்றியிருக்கக்கூடும். அவசரகாலத்தில் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் இருந்தன. அந்த ஆண்டுகளில் கல்யாணம் செய்தவரிடம் இரவுச் சடங்குகளை எப்படி நடத்தினார்கள், விருந்துக்கு அரிசி எப்படிக் கிடைத்தது, வெளித்தோட்டத்து உறவினர் வர முடிந்ததா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாமல் போய், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர் 1969, 1970 வாக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். நிச்சயித்த பெண் ஒரு நாட்டிலும் பையன் மற்றொரு நாட்டிலுமாகப் போன குடும்பம் உண்டா என்று விசாரியுங்கள். இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் வந்து இறங்கிய மணப்பெண் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், அவர் கையில் என்ன கொண்டுவந்தார், பினாங்கில் யார் வந்து அழைத்துப் போனார் என்பது வரை கேட்டு வையுங்கள்.

சான்றிதழைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி தாலி கட்டியதோடு முடிந்த திருமணங்கள் ஏராளம். அதற்குப் பின்னும் பதிவு ஒரு நாளிலும் தாலி கட்டு வேறொரு நாளிலும் நடப்பது சாதாரணம். ஆகவே தேசியப் பதிவு இலாகாவின் தாளில் உள்ள தேதியை அப்படியே கல்யாண நாள் என்று நூலில் எழுதிவிடக் கூடாது. இரண்டையும் கேட்டு இரண்டையும் எழுத வேண்டும்.

சில நினைவுகள் வலிக்கும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாத கணவர், பிள்ளையில்லாத முதல் கல்யாணம், சாதி பார்த்து நின்றுபோன சம்பந்தம் போன்றவை பேச்சில் தாமாகவே வந்து விழும். அப்போது அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். பேசாமல் இருங்கள், தண்ணீர் கொடுங்கள். தொடர்வதா விடுவதா என்று அவரே முடிவு செய்யட்டும்.

பதிவு செய்தல்

நல்ல கைப்பேசி ஒன்றே போதும். தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. அழைப்பு வராதபடி அதை விமான நிலையில் (ஃபிளைட் மோட்) வைத்து, நேரே மேசைமேல் வைக்காமல் நான்காக மடித்த துண்டின்மேல் வைத்து, பேசுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்துக்குள் வையுங்கள். நம் வீடுகளில் பதிவைக் கெடுப்பவை மூன்று: மின்விசிறி, தொலைக்காட்சி, தகரக் கூரையில் விழும் மழை. பேராக்கில் பிற்பகலில் மழை பிடித்துக்கொள்வது வழக்கமாதலால் காலை ஒன்பது, பத்து மணியே நல்ல நேரம்; விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்கு (ரப்பர் மரம் சீவ)ப் போய்ப் பழகிய பெரியவர்களுக்கும் காலையில்தான் தெம்பு இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். இன்னும் சொல்ல இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு, சொன்னபடி போக வேண்டும்.

வெறுங்கையோடு போகாமல் பழம், பலகாரம் வாங்கிக்கொண்டு போய், தேநீர் குடித்து, குடும்ப நலம் விசாரித்த பிறகே கருவியை எடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவரின் பெயர், பிறந்த தோட்டம், மணமக்களுக்கு அவர் என்ன முறை என்பதை உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். பிறகு அனுமதி கேளுங்கள்: “பெரியம்மா, நீங்க பேசுறத பதிவு பண்ணி, கல்யாணப் புத்தகத்துல எழுதப் போறோம். வேணாம்னு நெனைக்கிறத எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, எடுத்துடுறோம்.” அவர் சம்மதம் சொல்வதும் பதிவில் இருக்கட்டும். கேட்காமல் மறைத்து வைத்துப் பதிவு செய்வது, எவ்வளவு நல்ல கதை கிடைத்தாலும், செய்யத் தகாத காரியம்.

சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 60 மெகாபைட் இடம் பிடிக்கும். வேவ் வடிவில் ஒற்றைத் தடமாகப் பதிந்தால் 300 மெகாபைட்டை ஒட்டி வரும். இடம் இருந்தால் இரண்டாவதே சிறந்தது. பேட்டி முடிந்த அன்றே கணினிக்கு மாற்றி, 2025-03-16_பெரியம்மா_பேட்டி1 என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயரிட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பும்போது அவை சுருக்கப்பட்டுத் தரம் குறைந்துவிடும் என்பதால், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கல்யாண நாளன்று

அன்று நீண்ட பேட்டி எடுக்க முயல வேண்டாம். மேளமும் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் இருக்கும் மண்டபத்தில் ஒலிப்பதிவு தெளிவாக வராது. வந்தவர்களுக்கும் உறவினரைப் பார்க்கும் ஆவல் இருக்கும். மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் சிறு மேசை ஒன்று போட்டு, உள்ளங்கையளவு தடித்த அட்டைகளையும் பேனாக்களையும் வையுங்கள். “மணமக்களின் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இவர்களில் ஒருவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள்” என்ற ஒரே வரியை அட்டையின் தலைப்பில் அச்சிட்டால் போதும். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல எழுத, நல்ல கையெழுத்துள்ள இரண்டு பிள்ளைகளை அங்கே உட்காரவையுங்கள். அட்டையின் பின்புறம் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். சாப்பாட்டுப் பந்திக்குப் பிறகு, வெளியே கார் நிறுத்துமிடத்து நிழலில் இரண்டு மூன்று முதியவர்கள் கூடி நிற்பதைப் பார்த்தால் அங்கே மூன்று நிமிடப் பதிவு ஒன்று எடுக்கலாம். பழைய அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டு பேசும் அந்தக் கலகலப்பு வீட்டுப் பேட்டியில் கிடைக்காது.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதியில் சோர்வு வராது. கணினி விசைப்பலகை பழக்கமில்லாதவர்கள் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யலாம். பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் செயலிகள் இன்று இருக்கின்றன. ஆனால் தோட்டத்துப் பேச்சில் மலாய்ச் சொற்களும் ஊர்ப் பெயர்களும் நிறைய வருவதால், அவை தரும் எழுத்தை ஒலியோடு ஒப்பிட்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

முதற்பிரதியில் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். இரண்டாவது பிரதியில்தான் செம்மை செய்ய வேண்டும், அதுவும் மிகக் குறைவாக. உதாரணத்துக்கு, பதிவில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “அப்பல்லாம் ஏதும்மா மண்டபம். பெரட்டுக் களத்துலதான் பந்தலு. லோரில தென்னமட்டைய ஏத்திக்கிட்டு வந்து எறக்குனாங்க. எங்கப்பாதான்… இல்ல, எங்கப்பா இல்ல, எங்க பெரியப்பா, அவருதான் மண்டோரு, அவரு சொன்னா எல்லாரும் கேப்பாங்க. ராத்திரியெல்லாம் கீத்து மொடஞ்சாங்க.” இதில் தடுமாறித் திருத்திக்கொண்ட இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, “எங்க பெரியப்பாதான் மண்டோரு, அவரு சொன்னா எல்லாரும் கேப்பாங்க” என்று ஆக்கினால் போதும். “அக்காலத்தில் மண்டப வசதி இல்லாமையால் திருமணங்கள் தோட்டத்தின் திறந்தவெளியில் நடைபெற்றன” என்று மாற்றி எழுதினால் இலக்கணம் சரியாக இருக்கும். பெரியப்பாவும் இரவெல்லாம் முடைந்தவர்களும் காணாமற் போவார்கள். தொகுப்பாளரின் முன்னுரையும் இணைப்பு வாக்கியங்களும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேசியவரின் வாய்மொழி அவருடைய தமிழிலேயே இருக்கட்டும் என்பதே என் திடமான கருத்து.

நூலின் கடைசியில் சொல்விளக்கம் ஒன்று சேர்க்க வேண்டும். கிராணி, பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், வெளிக்காட்டு வேலை, ஆயாக்கொட்டகை என்பவை தாமான் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும். பிள்ளைகள் தேசியப் பள்ளியில் படித்துத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருந்தால், ஒவ்வொரு கதைக்கும் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பத்திச் சுருக்கம் சேர்க்கலாம். ஆனால் தமிழ் முழுமையாக இருக்க வேண்டும்.

இருவர் சொல்வது ஒத்துப்போகாத இடங்கள் வரும். முகூர்த்தம் விடியற்காலை என்று அக்காவும் இரவு என்று தம்பியும் சொன்னால், சண்டை மூட்டாமல் இருவர் பெயரோடும் இரண்டையும் எழுதுங்கள். அழைப்பிதழ் கிடைத்தால் அதிலுள்ளதையும் பக்கத்தில் கொடுங்கள்.

சீர் தகராறு, குடி, ஓடிப்போய்ச் செய்துகொண்ட கல்யாணம், சாதிச் சண்டை ஆகியவற்றை என்ன செய்வது என்பதில் எல்லோருக்கும் ஒரே விதி சொல்ல முடியாது. உயிரோடிருக்கும் ஒருவரைத் தலைகுனியச் செய்யும் செய்தியை அச்சில் ஏற்ற வேண்டாம். அதற்காகப் பதிவை அழிக்கவும் வேண்டாம். தனி உறையில் வைத்து, யார் எப்போது கேட்கலாம் என்று பேசியவரையே கேட்டு எழுதி வையுங்கள். நடந்ததைச் சொல்லவே கூடாது என்று குடும்பம் அடக்கினால், தாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல முன்வந்த பெண்களின் வாய்தான் முதலில் மூடப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எழுதி முடித்ததைப் பேசியவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். பலருக்கு எழுத்தைப் பார்க்கக் கண் போதாது. வாசிப்பதைக் கேட்கும்போது தவறிய பெயர்களையும் முறைகளையும் திருத்துவார்கள், புதிதாக ஒன்றிரண்டும் சொல்வார்கள்.

படங்களும் பழைய தாள்களும்

பேட்டிக்குப் போகும்போதே பழைய படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் அங்கேயே பிரதி எடுத்தால் நல்லது. தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐ அளவில் எடுத்தால் சிறு படத்தையும் பெரிதாக்கலாம். ஸ்கேனர் இல்லையென்றால் சன்னலோரத்துச் சீரான வெளிச்சத்தில், பளபளப்பு விழாமல், கைப்பேசியை நேர்மேலே பிடித்து எடுங்கள். படத்தில் உள்ளவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதுங்கள். படத்தின் பின்புறம் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மெதுவாக எழுத வேண்டும்; பேனா மை காலப்போக்கில் முன்பக்கத்தில் கசிந்து தெரியும். பசை தடவிய பக்கங்களில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளை மூடும் பழைய ஆல்பங்கள் படத்துக்குக் கேடு செய்பவை. எளிதாக வந்தால் எடுத்துவிடலாம், ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் பக்கத்தோடு சேர்த்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் நேசனில் வந்த வாழ்த்து விளம்பரத்தையோ செய்தியையோ யாராவது வெட்டி வைத்திருந்தால் உடனே பிரதி எடுங்கள். 1924இல் தொடங்கிய அந்நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது, செய்தித்தாளோ விரைவில் மஞ்சளாகி ஒடியும்.

எண்பதுகள், தொண்ணூறுகளில் எடுத்த கல்யாண வீடியோ கேசட்டுகளுக்கும் அவசரம் உண்டு. நம் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், ஓட்டிப்பார்க்கும் கருவியும் அரிதாகிவிட்டது. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்காமல், கேசட்டை எண்ணிமமாக (டிஜிட்டலாக) மாற்றித் தரும் கடையில் கொடுங்கள்.

அச்சும் பாதுகாப்பும்

ஏ5 அளவில், நடுவில் கம்பி தைத்த நூல் செலவு குறைந்தது. அப்படித் தைப்பதற்குப் பக்கங்களின் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். அமிலமற்ற தாள் கிடைக்குமா என்று அச்சகத்தில் கேளுங்கள். திருமணத்தன்றே கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசையில் அவசரமாக அச்சிட வேண்டாம். அட்டைகளையும் கல்யாண நாள் பதிவுகளையும் சேர்த்து முதல் ஆண்டு நிறைவுக்குக் கொண்டுவருவதே நல்லது. பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி, அவருடைய முழுப் பதிவோடு, நேரில் போய்க் கொடுக்க வேண்டும். அவர்கள் சம்மதித்தால் குடும்பம் படித்த தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கும் ஒன்று கொடுக்கலாம்.

மின்கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று வெளி டிரைவில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. வெள்ளம் வரும் ஊர்களில் மூன்றாவது பிரதி மிகவும் முக்கியம். இணையச் சேமிப்பின் கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. இரண்டு வீட்டாரிலும் ஒவ்வொருவரிடம் அது எழுத்தில் இருக்கட்டும். புதிய மொய் நோட்டையும் அந்த வாரத்திலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இவற்றோடு சேர்த்துவிடுங்கள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் நாளில் ஆண்டுதோறும் டிரைவைத் திறந்து, சில கோப்புகளை ஓட்டிப் பார்த்து, திறக்காதது ஏதும் இருந்தால் மற்றொரு பிரதியிலிருந்து உடனே மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும்.